ஒரு நோட்டுக்கு ஒரு வயது



2024 ஜூலையில் நான் வாங்கிய 200 பக்க நோட்டு ஒன்றுக்கு 2025 ஜூலையில் ஒரு வயது நிறைந்தது. இது ரெக்கார்டு நோட்டு இல்லை. இதில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், மார்க்கும் கிடையாது. இது என் தொழில் நோட்டு. இதை எப்படி எழுதுவது, எழுதினால் என்ன லாபம் என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

ரெக்கார்டு நோட்டில் வகுப்பு முழுக்க நோக்கம், செய்முறை, முடிவு எல்லாம் ஒன்றுதான். தொழில் நோட்டில் அன்றைக்கு நம்ம கை செய்ததும் கண் பார்த்ததும் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் ஐந்து விஷயம் வேண்டும்: தேதி, எந்த மெஷின், எந்தக் கருவியால் அளந்தோம், என்ன அளவு வந்தது, அப்போதைய நிலைமை. நிலைமை என்றால் மழையா வெயிலா, மோட்டார் ஆறியிருந்ததா, ஓடி நின்ற சூட்டில் இருந்ததா என்பது.

நிலைமை எதுக்குன்னு கேட்பீர்கள். ஒரு மோட்டாரின் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கிறோம். 50 மெகா ஓம் காட்டுகிறது. நல்ல அளவுதான். ஆனால் ஆறு மாதம் முன்னால் இதே மோட்டாரில் 200 இருந்தது என்று நோட்டு சொன்னால்? ஈரமோ தூசியோ உள்ளே போயிருக்கலாம். உடனே அப்படி முடிவு கட்டிவிடவும் கூடாது. சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இன்சுலேஷன் தடை ஏறக்குறைய பாதியாகிவிடும். அன்று ஆறிய மோட்டார், இன்று 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் மோட்டார் என்றால் 200 பாதியாகி 100, அதில் பாதி 50. மோட்டாருக்கு நோய் இல்லை, வெறும் சூடுதான்! இரண்டு முறையும் ஆறிய மோட்டார் என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஒற்றை அளவு வெறும் எண். தேதியும் நிலைமையும் போட்ட பத்து அளவுகள் சேர்ந்தால்தான் அது செய்தி.

மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத பையனுக்கு நோட்டுதான் சிபாரிசு செய்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று, இரும்பு வளையத்தில் சுற்றிய இரண்டு சுருள்களை வைத்துச் செய்த சோதனையையும் எழுதி வைத்தார். நாம் படிக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் ஆரம்பம். பத்திக்குப் பத்தி எண் போட்டு அவர் எழுதிய குறிப்புகள் 16,000ஐத் தாண்டின.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க யாரும் இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவர் இருக்கிறார். அப்பா போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குகிறவர். எந்தத் தோட்டத்து போரில் எத்தனை பைப்பு, எத்தனை அடியில் தண்ணீர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் எழுதத் தெரியாது. பொங்கல் லீவில் அவர் சொல்லச் சொல்ல 31 போர்களின் விவரத்தை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். "எழுதிக்கோப்பா, எனக்கும் மறதி வர ஆரம்பிச்சிருச்சு" என்றார். இப்போது வேலைக்குக் கிளம்பும்போது, "அந்த மேட்டுக்காட்டு போரு எத்தனை பைப்புன்னு பாரு" என்று கேட்கிறார். 25 வருஷ அனுபவம் அவரோடு போய்விடாமல் ஒரு நோட்டில் நின்றுவிட்டது.

செல்போனில் போட்டோ எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போட்டோ மீட்டரின் முள்ளைக் காட்டும். மோட்டார் சூடாக இருந்ததா என்று காட்டாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

நண்பர்களே, டிப்ளமோ சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே அச்சில்தான் வரும். நம் தொழில் நோட்டு நமக்கு மட்டுமே உரியது. நாளைக்கு லேப் இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கித் தேதி போடுங்கள். உங்கள் வீட்டிலும் எழுதப்படாத தொழில் ஒன்று இருக்கும். அதையும் கேட்டு எழுதுங்கள்.