சூரியப் புயலும் செட்டிநாட்டு எல்லைக்கல்லும்

“இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை விண்வெளிக் கதிர்கள் பூமியைத் தாக்கும், செல்போனை அணைத்துவிடுங்கள்” என்ற செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. ஆண்டு மாறினாலும் நேரம் மட்டும் மாறுவதில்லை. இது முழுப் பொய். சூரியப் புயல் உண்மைதான், ஆனால் அது நம்மைத் தொடும் இடம் வேறு.

சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் வினாடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் ஓயாமல் வீசுகின்றன. சில சமயம் சூரியன் பெரும் பிழம்பாக அவற்றை உமிழும். அந்தப் பிழம்பு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் இங்கே வந்து சேரும். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் காந்தக் கவசத்துக்குள் ஆற்றல் புகுந்துவிடும். பூமியைச் சுற்றி மின்னோட்டம் பெருகி, நம் பக்கத்தில் காந்தப்புலம் தளரும். 1859 செப்டம்பர் புயலில் பம்பாய் கொலாபா ஆய்வகத்துக் கருவி சுமார் 1,600 நானோடெஸ்லா சரிவைப் பதிவு செய்தது. 1989 மார்ச் புயலில் கனடாவின் கியூபெக் மாகாணமே மின்சாரமின்றி மணிக்கணக்கில் இருண்டது. துருவத்தை ஒட்டிய ஊர்களின் ஆபத்து அது.

நம் ஆபத்து தலைக்கு மேலே, அயனி மண்டலத்தில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும், திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இயங்குவதும் அதனால்தான். இந்தப் பட்டையில் பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் மேலெழும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில் இது அதிகம். சூரியப் புயல் இவற்றைச் சில நாள் தூண்டிவிடும், சில நாள் அடக்கியும்விடும். குமிழ்களைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் நடுங்கி, அறுந்துபோகும்.

செல்போனில் வழி பார்ப்பவருக்கு இது பெரிய இழப்பில்லை. கடலுக்குப் போன தொண்டி மீனவருக்கு இது கவலைக்குரிய விஷயம். இடம் அளப்பவருக்கோ இது நேரடியான சிக்கல். இப்போது கம்பத்தின் மேல் வைத்த, செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ரோவர் கருவியால் மனை அளக்கிறார்கள். திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று வந்தால் சென்டிமீட்டர் கணக்கில் நம்பலாம். ‘ஃப்ளோட்’ என்று நின்றால் பல சென்டிமீட்டர், சில நேரம் அரை மீட்டர்கூடப் பிசகும். ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் செட்டிநாட்டு வீட்டைப் பங்காளிகள் பிரிக்கும்போது அரை மீட்டர் என்பது ஒரு சுவர். அந்தச் சுவருக்காகத் தலைமுறையாக வழக்கு நடத்தும் குடும்பங்கள் உண்டு.

ஆகவே, அளக்கும்போது திரையைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். அந்தி சாய்ந்த பிறகு அளக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய எல்லைக்கல்லோடும் புல வரைபடத்தோடும் ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். சந்தேகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மறு அளவைக்கு மனு கொடுக்கலாம்.

உடம்புக்கு என்ன ஆகும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். தரையில் இருக்கும் நமக்கு ஒன்றும் ஆகாது. வளிமண்டலமும் காந்தப்புலமும் அந்தத் துகள்களைத் தடுத்துவிடுகின்றன. இந்தப் பயத்தை மூலதனமாக்கி ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர், காந்த வளையம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பொய் விளம்பரத்தை நம்பி வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்கும் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால், 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஃபார்வர்டு செய்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உண்மையான எச்சரிக்கைக்கு வழி இருக்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அந்த இடத்தைக் கடந்த புயல் இங்கு வந்து சேர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அடுத்த முறை நள்ளிரவுக் கதிர் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால், இஸ்ரோ அப்படி அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.