வீட்டுக்கு ஒரு விலை, வீதிக்கு இன்னொரு விலை

கலிபோர்னியா மாநிலத்தின் எல் டொராடோ கவுண்டியில் ஒருவர் தமக்குச் சொந்தமான காணியில் வீடொன்றை அமைக்க விரும்பினார். அது கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பும் மாளிகையன்று. தொழிற்சாலையில் செய்து, ஏற்றிவந்து இறக்கிவைக்கும் வகை வீடு. அனுமதி கேட்டுச் சென்றவரிடம் 23,420 டொலர் கேட்கப்பட்டது. அதன் பெயர் போக்குவரத்துத் தாக்கக் கட்டணம். புதிய வீடு வந்தால் புதிய வாகனம் வரும், வாகனம் பெருகினால் வீதி நெரியும், ஆகவே வீதியை அகலிக்கும் செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரரே தரவேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

இக்கணக்கு ஒரே நாளில் பிறந்ததன்று. 1978இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் பிரேரணை, ஆதன வரியை மதிப்பில் ஒரு சதவீதம் என்ற அளவோடு கட்டிப்போட்டது. பழைய குடிகளிடம் கூடுதலாகக் கேட்க உள்ளூர் மன்றங்களுக்கு வழி அடைபட்டது. புதிதாக வருவோரிடம் கேட்கலாம் என்ற வழி திறந்தது. 1998இல் எல் டொராடோ வாக்காளர்கள், புதிய குடியிருப்புகளால் எழும் வீதிச் செலவை அக்குடியிருப்புகளே சுமக்கவேண்டும் எனத் தீர்மானித்தார்கள். வரப்போகிறவர்களுக்கு அங்கே வாக்கு ஏது?

ஷீட்ஸ் என்ற அம்மனிதர் ஆட்சேபத்துடன் பணத்தைச் செலுத்திவிட்டு வழக்குத் தொடுத்தார். அட்டவணையைப் பார்த்துத் தொகை சொன்னார்களேயன்றி, தமது ஒரு வீட்டால் வீதிக்கு எவ்வளவு பாரம் என்று எவரும் அளக்கவில்லை என்பது அவரது வாதம். அனுமதிக்காக விதிக்கப்படும் நிபந்தனை, கட்டுமானத்தின் விளைவோடு தொடர்புடையதாகவும் அதன் அளவுக்கு ஏற்றதாகவும் இருக்கவேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இலும் 1994இலும் வகுத்திருந்தது. ஆனால் சபையொன்று சட்டமாக இயற்றிய கட்டணத்துக்கு அவ்விதி பொருந்தாது என்று மாநில நீதிமன்றங்கள் கைவிரித்தன. 2024 ஏப்ரல் 12ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து அவ்வேறுபாட்டைத் தள்ளிவிட்டனர். எனினும் கட்டணமே தவறு என்று அவர்கள் கூறவில்லை. அட்டவணைப்படி அறவிடுவோர் எவ்வளவு நுணுக்கமாக அளக்கவேண்டும் என்பதற்கும் விடை தரவில்லை. வழக்கு மீண்டும் கலிபோர்னியாவுக்கே அனுப்பப்பட்டது.

வீதி நெரிசல் பொய்யன்று; அதற்கு எவரோ பணம் கொடுத்தேயாகவேண்டும். நூறு வீடு கட்டும் நிறுவனம் கட்டணத்தை விலையில் சேர்த்துவிடும். ஒரு வீடு அமைப்பவனுக்கு அந்த வசதி இல்லை என்பதே எம் மனக்குறை.

இதனை அமெரிக்காவின் சங்கதி என்று ஒதுக்கிவிடவும் இயலாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீதி, குடிநீர், கழிவுநீர் முதலியவற்றுக்காக அபிவிருத்திக் கட்டணம் அறவிடப்படுகிறது. அதனைச் செலுத்துவது கட்டட நிறுவனமே ஆயினும், மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ புதுவீடு வாங்கும் நம்மவரின் ஒப்பந்தத்தில் அது சிறிய எழுத்தில் ஒளிந்திருப்பதுண்டு. ஒப்பமிட்டபின் கட்டணம் உயர்ந்தால் அவ்வுயர்வை வாங்குபவரே ஏற்கவேண்டும் என்ற வாசகம் அது. வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கும் வேளையில் வரும் இத்தொகைக்கு ஓர் உச்சவரம்பை முன்கூட்டியே எழுதுவிக்கச் சட்டத்தரணியிடம் கேட்கலாம். கேட்கவேண்டிய நேரம் ஒப்பமிடுவதற்கு முன்பு; பின்பு அன்று.