பாறையில் ஒரு புள்ளி

1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன்மேல் எழுந்த மாபெரும் முக்கோண நில அளவைக்குக் குன்றுச்சிகள் பலவும் நிலையங்களாயின. அங்குப் பாறையில் செதுக்கப்பட்ட வட்டத்தையும் நடுப்புள்ளியையும் தேடி ஞாயிறுதோறும் ஏறுகிறோம்.

எங்களுள் ஒருவர் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்; மருத்துவர் இசைந்த பின்னரே வரத் தொடங்கினார். மூச்சு வாங்கினால் அமர்வது, நெஞ்சு இறுகினால் திரும்புவது என்பது எங்கள் உடன்பாடு. சென்ற முறை, உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு இறுகியது. “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். ஒருவரும் போகவில்லை. மெல்ல இறக்கி, நேரே மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம்.

நலமாக இருக்கிறார். மருத்துவர் சொல்லும்வரை மலையேற்றம் இல்லை. அடுத்த குன்றை வரைபடத்தில் தேடித் தருவது இப்போது அவர் பொறுப்பு.