பெருநாள் காப்பி: மணம் கூடட்டும், சீனி குறையட்டும்

தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று பெருநாள்கள் நெருங்கிவிட்டால் பேரங்காடிகளில் உள்ள காப்பிக் கடைகளில் புதுப்புதுப் பானங்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். இஞ்சி ரொட்டிக் காப்பி, பூசணி மசாலாக் காப்பி என்று பெயர்களே ஆசையைத் தூண்டும். ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய பூசணி மசாலாக் காப்பியில் 2015 வரை பூசணியே சேர்க்கப்படவில்லை. அதன் மணமெல்லாம் பட்டை, கிராம்பு, இஞ்சி, ஜாதிக்காய் மணம்தான். இவை நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் புதியவை அல்ல.

ஆகவே, இந்தக் காப்பியை வீட்டிலேயே தயாரிக்கலாம். முதலில் மசாலாப் பாகு. ஒரு குவளைத் தண்ணீரில் 100 கிராம் கூலா மலாக்கா, தட்டிய இஞ்சி நான்கைந்து துண்டு, ஒரு பட்டை, நான்கு கிராம்பு சேர்த்துச் சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். பாதியளவு சுண்டியதும் வடிகட்டிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம்.

இஞ்சியை நேரடியாகப் பாலில் போட்டால் பால் திரிந்துபோவது பலருக்கும் அனுபவம். பச்சை இஞ்சியில் உள்ள ஒருவகை நொதி, பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். பாகில் நன்கு கொதித்த பிறகு அந்த நொதி செயலிழந்துவிடும், பால் திரியாது.

அடுத்தது காப்பி. உள்ளூர்க் காப்பித் தூள் பலவற்றில் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். வாங்கும்போது பொட்டலத்தில் உள்ள விவரத்தைப் படியுங்கள். இரண்டு மேசைக்கரண்டித் தூளுக்கு முக்கால் குவளை கொதிநீர் போதும். கொதி அடங்கிய சில விநாடிகள் கழித்து ஊற்றினால் கசப்பு குறையும்.

நுரைக்கு இயந்திரம் வேண்டியதில்லை. பாலைப் பொங்க விடாமல் சூடாக்கி, இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி உயரத் தூக்கி ஆற்றுங்கள். பாலின் புரதம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரை தானாக எழும். மேலே சிறிது ஜாதிக்காய்த் தூள் தூவினால் பெருநாள் மணம் வந்துவிடும்.

ஆனால், முக்கியமான செய்தி சீனியைப் பற்றியது. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. நம் சமூகத்தில் அந்த விகிதம் இன்னும் அதிகம். ஒருநாள் சீனியை 25 கிராம் அளவுக்குக் குறைப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு மேசைக்கரண்டி டின் பாலிலேயே ஏறக்குறைய 20 கிராம் சீனி போய்விடும். மேலே சொன்ன பாகிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 10 கிராம் இருக்கிறது. கூலா மலாக்காவும் சீனிதான். அது நோயாளிகளுக்கு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது.

திறந்த இல்ல உபசரிப்பில் ஒருவர் ஒரே நாளில் ஐந்து வீடு ஏறி இறங்குகிறார். 'வேண்டாம்' என்று சொன்னால் வீட்டார் மனம் நோகுமே என்று, நீரிழிவு உள்ள மாமாவும் அத்தையும் கொடுத்ததைக் குடித்துவிடுகிறார்கள். எனவே, இனிப்பைக் கலந்து கொடுக்காதீர்கள். இனிப்பில்லாக் காப்பியை ஊற்றி, பாகைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சீனி சேர்க்காமல் மசாலா மட்டும் கொதிக்க வைத்த நீரையும் ஒரு புட்டியில் எடுத்து வையுங்கள். மணம் எல்லாருக்கும் கிடைக்கும். இனிப்பு வேண்டியவர்களுக்கு மட்டும் போகும். விருந்தினர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய சங்கடமும் இராது.