நீரைப் பிரிக்கும் வெப்பம்

ஒரு மூட்டை யூரியாவின் நிறை 45 கிலோகிராம். அதனை ஆக்குவதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ ஹைட்ரஜன் வேண்டும். இன்று நம் நாட்டு உரத் தொழிற்சாலைகள் இதனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவினின்றே பெறுகின்றன. அந்த எரிவாயுவில் பெரும் பகுதி இறக்குமதியாகிறது. ஆதலின், நீரினின்றே ஹைட்ரஜனைப் பெற இயலுமா என்னும் கேள்வி உழவர் பெருமக்களுக்கும் உரியதேயாகும்.

9 கிலோ நீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ பிராணவாயுவும் கிடைக்கும். மின்சாரத்தைச் செலுத்திப் பிரிப்பது பலரும் அறிந்த முறை. வெப்பத்தால் மட்டுமே பிரிப்பதாயின் 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும்; இரும்பே உருகிவிடும் உஷ்ணம் அது. இந்த இடரைத் தவிர்க்க அறிஞர் கண்ட வழியே ரசாயனச் சுழற்சி. அவற்றுள் கந்தக-அயோடின் சுழற்சி புகழ் பெற்றது. 1970-களில் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனம் இதனை உருவாக்கியது.

இதில் மூன்று படிகள் உள்ளன. முதலில், நீருடன் அயோடினும் கந்தக டை ஆக்ஸைடும் சுமார் 120 டிகிரியில் கூடிக் கந்தகத் திராவகமாகவும் ஹைட்ரஜன் அயோடைடாகவும் மாறுகின்றன. அடுத்து, திராவகம் சுமார் 850 டிகிரியில் சிதைந்து பிராணவாயுவை வெளிவிடுகிறது. கந்தக டை ஆக்ஸைடும் நீரும் மீள்கின்றன. மூன்றாவதாக, ஹைட்ரஜன் அயோடைடு சுமார் 450 டிகிரியில் பிரிந்து ஹைட்ரஜனைத் தருகிறது, அயோடின் மீள்கிறது. கவலை ஏற்றத்தில் சால் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் கிணற்றினுள் இறங்குவதுபோல, கந்தகமும் அயோடினும் தம் பணியை முடித்துத் தொடக்கத்திற்கே திரும்புகின்றன. செலவாவன நீரும் வெப்பமுமே.

இவ்வெப்பத்தைக் குவித்த சூரிய ஒளியினின்றோ உயர் உஷ்ண அணு உலையினின்றோ பெறலாம். ஜப்பானின் ஓராய் நகரிலுள்ள சோதனை அணு உலையினின்று வெளிவரும் வாயு 2004-இல் 950 டிகிரியை எட்டியது. அதே ஆண்டில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர், மின் அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு, மணிக்குச் சுமார் 30 லிட்டர் வீதம் ஒரு வாரம் இடைவிடாது ஹைட்ரஜன் எடுத்தனர். கணக்கிட்டால், அந்த ஒரு வார விளைவின் நிறை ஏறத்தாழ அரைக் கிலோவே. ஒரு மூட்டை யூரியாவுக்கு அது போதாது. கொதிக்கும் திராவகம் உலோகங்களை அரிக்கிறது. அதனைத் தாங்கும் பீங்கான் போன்ற பொருள்கள் தேவைப்படுகின்றன. அயோடினையும் நீரையும் பிரித்தெடுக்க வெப்பம் மிகுதியாகச் செலவாகிறது. வயலுக்குப் பயன்தர இம்முறை இன்னும் நெடுந்தூரம் செல்லவேண்டும்.

இங்கு ஊராட்சி உறுப்பினர் ஒன்றை உணர்தல் வேண்டும். நீர் எரிபொருளன்று. ஹைட்ரஜன் எரியும்போது தரும் சக்தி, நீரைப் பிரிக்க நாம் செலவிட்ட சக்தியினும் மிகாது. எனவே, தண்ணீரை ஊற்றினாலே ஓடும் இயந்திரம் என்று எவரேனும் விலை பேச வந்தால், அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்போமாக. விடை கிட்டாவிடில் பொதுப்பணத்தை அதில் இடுதல் தகாது. அதுவரை, மண் பரிசோதனையின்படி அளவறிந்து யூரியா இடுவதும், பசுந்தாள் உரம் பயிரிடுவதுமே ஹைட்ரஜனைச் சேமிக்க நம் கைவசமுள்ள நல்வழிகளாகும்.