குஞ்சு தேறினால்தான் கோழியில் லாபம்

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது" என்பது பழமொழி. உண்மைதான். தாயின் காலில் மிதிபட்டுச் சாகும் குஞ்சு அரிது. ஆனாலும் பொரித்த பத்துக் குஞ்சுகளில் மூன்றோ நான்கோ மட்டுமே தேறுகிற வீடுகள் கிராமங்களில் உண்டு. குளிர், பருந்து, கீரி, கழிச்சல் நோய் என்று ஒவ்வொன்றாய்ப் போய்விடுகின்றன. வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணத்துக்குக் கோழிதான் முதல். அந்த முதலைக் காப்பாற்றப் பெரிய செலவு தேவையில்லை. சில காரியங்களைக் காலத்தில் செய்தால் போதும்.

ஆண்டுக்கு எத்தனை ஈற்று?

நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாத வயதில் முட்டையிடத் தொடங்கும். ஓர் ஈற்றில் 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு அடையில் உட்காரும். முட்டையிட மூன்று வாரம், அடைகாக்க 21 நாள், பிறகு குஞ்சுகளோடு அலைய இரண்டு, இரண்டரை மாதம். ஆக ஓர் ஈற்றுக்கு நான்கு மாதம் ஓடிவிடுகிறது. அதனால்தான் ஆண்டுக்கு மூன்று ஈற்றுக்கு மேல் கிடைப்பதில்லை.

குஞ்சுகளுக்கு நான்கு வாரம் ஆனதும் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வளர்த்தால் கோழி விரைவில் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும். ஆண்டுக்கு நான்கு ஈற்று, நன்கு தீனி கிடைத்தால் ஐந்து ஈற்றுகூட எடுக்கலாம். குஞ்சு தேவையில்லாத சமயத்தில் அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் வேண்டாத கொடுமை. காற்றோட்டமான மூங்கில் கூண்டில், அடியில் வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து நான்கைந்து நாள் விட்டால் அடை தெளிந்துவிடும்.

வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, நந்தனம் கோழி முதலிய மேம்படுத்தப்பட்ட இனங்கள் நாட்டுக்கோழியைவிட அதிக முட்டை தரும். ஆனால் இவற்றை நம்பி அடை வைக்க முடியாது. ஆகையால் நாட்டுக்கோழிகளை அடியோடு விற்றுவிடாமல் அடைக்கென்று இரண்டொன்றையாவது வைத்துக்கொள்வது நல்லது.

அடை வைத்தல்

அடைக்கு வைக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்குள் இட்டவையாக இருக்கவேண்டும். கோடையில் மூன்று, நான்கு நாள் முட்டைகளே உகந்தவை. ஈரமணல் மேல் வைத்த பானையில், கூர்முனை கீழாக அடுக்கி வைத்தால் கெடாது. முட்டையைக் கழுவக்கூடாது. எட்டு அல்லது பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாது. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கொளியில் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிலந்திவலை போல் இரத்த நரம்புகள் தெரியும். தெளிவாக இருக்கும் முட்டைகளை எடுத்துவிடலாம்.

முதல் மூன்று வாரம்

குஞ்சுகள் அதிகம் சாவது இந்த நாட்களில்தான். பொரித்த குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் அடைத்து வைத்தால் பருந்துக்கும் காக்கைக்கும் தப்பும். தாய் இல்லாத குஞ்சுகளாக இருந்தால் தரையில் உமி பரப்பி, சுற்றிலும் அட்டையோ பாயோ வைத்து மறைத்து, நடுவே குண்டு பல்பு தொங்கவிடவேண்டும். குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஓரமாய் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாய்ப் படுத்திருந்தால் சரி.

குஞ்சுகளுக்கு முதலில் நொய்யும் உடைத்த கம்பும் கொடுக்கலாம். ஆனால் தானியம் மட்டும் போதாது. சதை பிடிக்கப் புரதம் வேண்டும். அதற்குக் காசில்லாத வழி கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு நடுவே தட்டிவிட்டால் நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். வீட்டு மரச்சாமான்களுக்குப் பக்கத்தில் இந்தப் பானையை வைக்கக்கூடாது.

பெட்டைக்குத் தீனி

மேய்ச்சலுக்குப் போய்வரும் முட்டைக்கோழிக்கு மாலையில் ஒரு கைப்பிடி, அதாவது 30 முதல் 50 கிராம் தீனி கொடுத்தால் நல்ல பலன் உண்டு. கம்பு, சோளம், மக்காச்சோளம், தவிடு எது விலை மலிவோ அதைக் கொடுக்கலாம். கடலைப் பிண்ணாக்கு சேர்ப்பதாக இருந்தால் பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிடவேண்டும். அதிலுள்ள நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். முட்டைத்தோல் மெல்லியதாய் இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கொள்ளலாம். கிளிஞ்சலை உடைத்து ஒரு சிரட்டையில் வைத்துவிட்டால் வேண்டியதைக் கோழியே பொறுக்கிக்கொள்ளும். முருங்கை, அகத்திக் கீரையைக் கட்டித் தொங்கவிடலாம். கோடையில் நிழலில் மண்சட்டியில் தண்ணீர் எந்நேரமும் இருக்கவேண்டும்.

இரவில் அடைய, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் நாட்டிய கூண்டு நல்லது. கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் போதும். செள்ளும் பேனும் சேராமலிருக்க, ஒரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து குவித்து வைத்தால் கோழி அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும்.

வெள்ளைக் கழிச்சல்

இவ்வளவும் செய்து, ஒரு வாரத்தில் கூண்டு காலியாகிவிட்டால் என்ன பயன்? வெள்ளைக் கழிச்சல் அப்படிப்பட்ட நோய். ராணிக்கெட் நோய் என்றும் இதைச் சொல்வார்கள். குமாவூன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. கோழி தலையைத் தொங்கப் போட்டு மூச்சுத் திணறும். வெள்ளையும் பச்சையுமாய்க் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், இறக்கை தொங்கும். இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி ஒன்றே வழி.

குஞ்சுக்கு ஏழாம் நாளில் லசோட்டா அல்லது எஃப் 1 தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். நான்காவது வாரத்தில் மீண்டும் கொடுப்பது பாதுகாப்பு. எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே ஊசி போடவேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறையாவது, கோடை தொடங்குமுன் போட்டுக்கொள்வது அவசியம். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்தால் பலன் கூடும். நோயுற்ற கோழிக்கு ஊசி போடக்கூடாது.

இதில் சிறு விவசாயிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போடும் அளவு இருக்கும். கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். வெயில் பட்டாலும் ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தாலும் மருந்தின் வீரியம் போய்விடும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதி வீண். ஆகையால் தெருவிலுள்ளவர்கள் ஒரு நாளைப் பேசிவைத்து, கோழிகள் கூண்டை விட்டிறங்குமுன் அதிகாலையில் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகப் போடுவதே சிக்கனம், பாதுகாப்பும் கூட. ஒரு வீடு விட்டுப்போனால் நோய் அந்த வழியாக ஊருக்குள் நுழையும்.

சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடவேண்டும். நோயில் செத்த கோழியை வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாமல், குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். சீக்கு வந்ததும் மற்றவற்றை அவசரமாய்ச் சந்தைக்கு ஓட்டுவது, தன் வீட்டு நஷ்டத்தைப் பத்து வீட்டுக்குப் பங்கு வைப்பதாகும்.

தடுப்பு மருந்து பற்றிய விவரங்களைப் பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அடை வைக்கும் அன்றே பொரிக்கும் நாளையும், அதிலிருந்து ஏழாம் நாளையும் நாட்காட்டியில் குறித்துவைத்தால் மறந்துபோகாது.