ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எந்த அளவு காற்றாலை?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டும்போது இரண்டு தலைமுறைக் காற்றாலைகளை ஒரே ஜன்னலில் பார்க்கலாம். முப்பந்தலைச் சுற்றிக் குட்டையான பழைய காத்தாடிகள் நெருக்கியடித்து நின்று பரபரவென்று சுற்றும். புதியவை எட்ட எட்ட நின்று நிதானமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றுவதுதான் அதிக மின்சாரம் தரும் என்று தோன்றும். அப்படியல்ல. பெரிய இறக்கையின் நுனி சின்னதைவிட மெதுவாக ஓடுவதில்லை. அது சுற்றிவர வேண்டிய வட்டம் பெரிது, அவ்வளவுதான்.

தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் நட்ட காற்றாலைகள் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். தொண்ணூறுகளில் 225, 250 கிலோவாட் எந்திரங்கள் வந்தன. வாங்கிய முதல் ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை இருந்ததால் நூற்பாலைக்காரர்கள் பலர் வாங்கி நட்டார்கள். அவற்றின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டுகள். 2 மெகாவாட்டுக்குக் குறைவான பழைய எந்திரங்களை மாற்ற மத்திய அரசு 2023இல் கொள்கை வகுத்தது. தமிழக அரசு 2024இல் தன் கொள்கையை வெளியிட்டது. அதனால், எந்த அளவில் மாற்றுவது என்ற கேள்வி இப்போது நம் முன் நிற்கிறது.

‘எத்தனை மெகாவாட்?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அது ஜெனரேட்டரின் அளவு மட்டுமே. காற்றைப் பிடிப்பது இறக்கை. நல்ல காற்று இருக்கும் உயரத்துக்கு அதைத் தூக்கிப் பிடிப்பது கோபுரம். இறக்கை வட்டத்தின் விட்டம் இரட்டித்தால் பிடிபடும் காற்று நான்கு மடங்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு. சமவெளியில் வழக்கமாகப் போடும் கணக்கின்படி 30 மீட்டர் உயரத்திலிருந்து 120 மீட்டருக்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். ஆற்றல் ஏறத்தாழ 1.8 மடங்காகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. மலை இடுக்கில் நெருக்குண்டு வரும் காற்று தரையை ஒட்டியே வேகம் பிடித்துவிடும். அங்கே உயரத்துக்குச் செலவழிக்கும் பணம் அதே அளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டு எந்திரங்களை ஒப்பிடலாம். பழையது 225 கிலோவாட், விட்டம் 27 மீட்டர். புதியது 2.1 மெகாவாட், விட்டம் 120 மீட்டர். இறக்கை வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பழையதில் சுமார் 390 வாட் ஜெனரேட்டர் இருக்கிறது. புதியதில் சுமார் 185 வாட்தான். அதாவது புதியது, இறக்கையை மிகப் பெரிதாக்கி, ஜெனரேட்டரை அந்த அளவுக்குப் பெரிதாக்காமல் விட்ட வடிவம். இதனால் பழையதைவிட மெதுவான காற்றிலேயே அது முழுத் திறனை எட்டிவிடும். பலத்த காற்றில் மிஞ்சுவதை இறக்கையைத் திருப்பிக் கழித்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்? நம் காற்று மே முதல் செப்டம்பர் வரை கொட்டும். அந்த மாதங்களில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளக் கிரிட்டில் இடமில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலமும் உண்டு. தட்டுப்பாடு வருவது காற்று குறைந்த மாதங்களின் மாலைகளில். ஆகவே சீசனில் உச்சம் தொடும் பெரிய ஜெனரேட்டரைவிட, ஆண்டு முழுக்க ஓரளவு சீராக யூனிட் தரும் பெரிய இறக்கையே நமக்கு நல்லது என்பது என் கருத்து. கணவாயின் வாய்க்கு மட்டும் இது பொருந்தாது. மென்காற்றுக்கென்று செய்த நீண்ட இறக்கை அங்குள்ள வலுவான, சுழன்றடிக்கும் காற்றைத் தாங்க வேண்டும். பக்கத்துப் பழைய காத்தாடிகள் கலைத்துவிடும் காற்றையும் தாங்க வேண்டும். அந்த இடத்துக்குச் சற்றே குட்டையான, உறுதியான இறக்கையே தகும்.

நிலக்கணக்கு இன்னும் கடினம். ஒரு வரிசையில் விட்டத்தைப்போல் 5 மடங்கு, வரிசைக்கு வரிசை 7 மடங்கு இடைவெளி என்பது வழக்கமான விதி. பழைய எந்திரத்துக்கு ஆறேகால் ஏக்கர் வரும். புதியதற்கு 125 ஏக்கர். ஒரு பெரியது நிற்க ஏறக்குறைய 20 சின்னவை விலக வேண்டும். அந்த இருபதும் விதிப்படி நின்றிருந்தால் மொத்தம் 4.5 மெகாவாட்; வருவதோ 2.1 மெகாவாட். பெயர்ப்பலகை மெகாவாட் பாதிக்கும் கீழே இறங்கியும் யூனிட் கூடக்கூடும் என்பதை வங்கிக்கும் உரிமையாளருக்கும் விளக்கிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

அந்த இருபதுக்கும் ஒரே உரிமையாளர் இருப்பது அபூர்வம். ஒருவர் நூற்பாலை நடத்துவார், இன்னொருவர் இரண்டே காத்தாடி வைத்திருப்பார். சீசனில் கிரிட்டுக்குக் கொடுத்துவிட்டு வேறு மாதத்தில் எடுத்துக்கொள்ளும் பழைய பேங்கிங் வசதி கைவிட்டுப் போகுமோ என்ற பயமும் இருக்கிறது. இவர்கள் கூடிப் பங்குபோட ஒப்புக்கொண்டால்தான் 120 மீட்டர் இறக்கையைப் பற்றிப் பேசவே முடியும். ஒப்புக்கொண்டபின் கோபுரம் வரப்போகும் உயரத்தில் கருவி வைத்து ஓராண்டாவது காற்றை அளக்க வேண்டும். 60 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிய லாரி ஊர்த் தெருவின் வளைவில் திரும்புமா என்பதையும் அந்த ஓராண்டுக்குள் பார்த்துவிடலாம்.